இறகி கேட்ட சத்தம்

"மணி என்ன ஆச்சு?" என்று கிரேன்காரர் தரையைப் பார்த்துக் கேட்டார்.

"இப்பதானே கேட்டீங்க. நான் ஒரு வாய் டீ குடிக்கறதுக்குள்ள சாயங்காலம் வந்துடுமா?" என்றாள் கிரேன்காரம்மா.

தெருவில் அவர்களுக்கு அதுதான் பெயர். நகரத்தின் பாதிக் கட்டடங்களுக்குக் கல்லும் கம்பியும் மேலே தூக்கிக் கொடுத்தவர் அவர். அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தே அவளுக்கும் கிரேன் ஒட்டிக்கொண்டது.

கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் இப்படிக் குப்புறத்தான் கிடக்கிறார். வலது கண்ணில் விழித்திரை கழன்றுவிட்டது. டாக்டரம்மா அதை ஒட்டிவைத்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை விட்டு அனுப்பியிருந்தாள். குமிழ் மேல்நோக்கித்தான் மிதக்குமாம். முகம் தரையைப் பார்த்தபடி இருந்தால்தான் அது விழித்திரையை அழுத்திப் பிடித்திருக்குமாம். தலையைத் தூக்கினால் பட்ட பாடெல்லாம் வீண். கட்டிலின் தலைமாட்டில் ஒரு பலகையை நீட்டி, முகம் புகுகிற அளவுக்கு ஓட்டை போட்டு, சுற்றிலும் பஞ்சு வைத்துக் கொடுத்திருந்தான் மகன்.

ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாத மனிதரை இத்தனை நாள் அந்த ஓட்டைக்குள் முகம் புதைத்துக் கிடக்க வைத்தது மருமகள். அதுவும் ஒரே ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு.

மருமகளுக்கு மின்சாரக் கம்பெனியின் புகார் மையத்தில் வேலை. கரண்ட் போனவர்கள் போனில் கொட்டும் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, கடைசியில் அவர்களையே நன்றி சொல்ல வைக்கிற குரல். அங்கே அவளைத் 'தேன்குரல்' என்றுதான் கூப்பிடுவார்கள். லீவு போட்டு, மாமனார் பக்கத்தில் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, செங்கல் கனத்துக்கு இருந்த ஒரு மாயக்கதையைப் படித்துக் காட்ட ஆரம்பித்தாள். முதல் நாள் அவர், "எனக்கு எதுக்கும்மா இந்தப் பூச்சாண்டிக் கதை?" என்றார். இரண்டாம் நாள், "அப்புறம்?" என்றார். மூன்றாம் நாளிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுந்தார்.

கதாநாயகி பெயர் இறகி. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவள். தொட்டால் எதனுடைய பாரத்தையும் உருவி எடுத்துவிடுவாள். ஆனால் எடுத்த பாரம் எங்கும் கரைந்து போகாது. அதை இன்னொரு பொருளின் மேல் ஏற்றியே ஆக வேண்டும். அந்தப் பொருளையும் அதே நேரத்தில் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மண் மட்டும் அந்தப் பாரத்தை வாங்காது. வேறு இடம் கிடைக்காவிட்டால் பாரம் அவள் எலும்பிலேயே தங்கிவிடும். இறகி பொய் சொல்வாள், வாய்க்கு வாய் பேசுவாள், கோபம் வந்தால் எதிரே நிற்பது யார் என்று பார்க்க மாட்டாள். ஒவ்வொரு முறையும் தப்பித்தோம் என்று பெருமூச்சு விடும்போது எலும்பில் ஒரு துளி கனம் கூடியிருக்கும்.

"எழுதினவனுக்குத் தூக்கறதுன்னா என்னன்னு தெரிஞ்சிருக்கும்மா," என்று கிரேன்காரர் மெச்சினார். "பாரம் எங்கயும் ஓடிப்போகாது. கொக்கியில இல்லன்னா வடத்துல, வடத்துல இல்லன்னா கம்பத்துல. எங்கயோ ஒரு இடத்துல உக்காந்துதான் இருக்கும்."

"எழுதினது ஒரு பொம்பளை மாமா."

"அதான பாத்தேன்!"

இதையெல்லாம் அடுப்படியில் இருந்தபடி கேட்ட கிரேன்காரம்மாவுக்கு முதலில் பற்றிக்கொண்டுதான் வந்தது. கட்டிய நாளிலிருந்து, "சாப்பாடு ரெடியா?" என்பதற்கு மேல் நாலு வார்த்தை சேர்த்துப் பேசாத மனிதர், எங்கேயோ புத்தகத்தில் இருக்கும் ஒருத்தியைப் பற்றி இப்படி வாய் ஓயாமல் பேசுகிறாரே! ஆனால் போகப்போக, இறகி எங்காவது மாட்டிக்கொள்ளும் கட்டம் வந்தால் அவள் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

இன்றைக்குக் கதை கேட்கிற மனநிலை அவளுக்கு இல்லை. அவளுக்கு இன்று இரண்டு பயங்கள்.

ஒன்று, சாயங்காலம் ஆஸ்பத்திரி. ஒட்டிய விழித்திரை நின்றிருக்கிறதா இல்லையா என்று டாக்டரம்மா இன்றுதான் சொல்லப் போகிறாள்.

இன்னொன்று மகன்.

அப்பா மேலே கேபினில் உட்கார்ந்து ஓட்ட, அவன் கீழே நின்று வாக்கி டாக்கியில் சிக்னல் கொடுப்பவன். அவர் படுத்ததிலிருந்து அந்தக் கிரேன் சும்மா நின்றது. நேற்று வேலை முடிந்து வந்தவன் அடுப்படியில் வந்து நின்று குரலைத் தாழ்த்தினான். "நாளைக்குக் கிரேனை ஓட்டியே ஆகணும்னு சொல்லிட்டாங்கம்மா. உன்கிட்டதான் லைசென்ஸ் இருக்கே, நீயே ஏறுன்னுட்டாங்க."

"அப்பா சீட்டுலயா?"

"அவர்கிட்ட இப்பச் சொல்லிடாத. கண்ணு என்ன ஆச்சுன்னு தெரியட்டும். அப்புறம் நானே சொல்றேன்."

அவள் தலையாட்டிவிட்டாள். ஆட்டிய தலை அப்போதிருந்து வலித்துக்கொண்டிருந்தது.

மருமகளுக்கு லீவு முடிந்துவிட்டது. பையை மாட்டிக்கொண்டே புத்தகத்தை மாமியார் கையில் திணித்தாள்.

"நானா? எனக்கு இதெல்லாம் வராதும்மா. பேப்பர்ல தலைப்பு படிக்கறதோட சரி."

"எழுத்துக் கூட்டிப் படிச்சாலும் மாமா கேப்பாரு அத்தை. ஆனா ஒண்ணு, நான் வர்றதுக்குள்ள ரொம்ப தூரம் போயிடாதீங்க. இறகியை மணிக்கூண்டு உச்சியில அடைச்சு வெச்சிருக்கான் துறைமுகத்தை ஆள்ற அந்தத் துறைத்தலைவன். எனக்கே தூக்கம் வரல."

அவள் வாசலைத் தாண்டினாள். உடனே ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஆரம்பிக்கறியா?"

கிரேன்காரம்மா குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவருக்குத் தெரிவது அவள் பாதங்கள் மட்டும்தான் என்பது ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது. முகத்தைப் பார்த்திருந்தால் மனிதர் எதையாவது கண்டுபிடித்திருப்பார்.

"'மணி... மணிக்கூண்டின் உச்சியில்... காற்று ஒரு... ஒரு பிடிவாதக் குழந்தையைப் போல...'"

"காத்து இருக்கட்டும். அவ என்ன பண்றா?"

"குறுக்க பேசினா நான் எழுந்து போயிடுவேன்."

"சரி சரி. படி."

முதல் பக்கம் கல்லும் முள்ளுமாகப் போனது. இரண்டாம் பக்கத்தில் துறைத்தலைவன் வந்தான். ஏழு விரலில் ஏழு மோதிரம் போட்டுக்கொண்டு, தன் எதிரிகளின் வீடுகளை எல்லாம் பாரத்தால் நசுக்கிக் கொடுக்கும்படி இறகியிடம் நயமாகப் பேசினான். அவன் பேச்சைப் படிக்கையில் கிரேன்காரம்மாவின் குரல் தானாக மாறியது. வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரரின் இழுவை அதில் வந்து உட்கார்ந்தது. கட்டிலில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அப்படியே அந்தாளு மாதிரியே இருக்கு! உனக்கு இதெல்லாம் எங்க இருந்து வருது?"

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை. இறகி அவனுக்குக் கொடுத்த பதிலைப் படிக்கும்போது அவள் முதுகு நிமிர்ந்திருந்தது. "'உன் மோதிரங்கள் அழகாக இருக்கின்றன. விரல்களுக்குத்தான் பொருத்தமில்லை.'"

"போடு!" என்றார் கிரேன்காரர்.

மணி அடிக்கத் தொடங்கியது. யானைக் கனமுள்ள மணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட, மணிக்கூண்டே லேசாக அசைந்தது. கிரேன்காரம்மா பக்கத்தைப் புரட்டினாள்.

"'இறகி சுவரில் காதை வைத்தாள். மணி கிழக்கே போகும்போது ஒன்றுமில்லை. மேற்கே திரும்பும்போது மட்டும், கல்லின் கழுத்துக்குள் யாரோ நாக்கைச் சொடுக்கியது போல, டிக். மறுபடியும் கிழக்கே. ஒன்றுமில்லை. மேற்கே. டிக்...'"

பலகை கிரீச்சிட்டது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கிரேன்காரர் தலையைத் தூக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளுக்குப் பிறகு அவள் பார்க்கும் அவருடைய முகம் வீங்கி, பஞ்சின் அச்சு பதிந்து, வலது கண் ரத்தமாகச் சிவந்து கிடந்தது.

"ஏங்க! தலை! தலை!"

புத்தகத்தைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அவர் பிடரியைப் பிடித்து ஓட்டைக்குள் அமுக்கினாள். ஒரு மூச்சு நேரம்கூட இருக்காது. 

"கண்ணு? கண்ணு எப்படி இருக்கு?"

"கறுப்பா ஏதோ நூல் மாதிரி ஓடுது." அவர் குரல் அடங்கி வந்தது. "அது கிடக்கட்டும். அந்த வரியைத் திரும்பப் படி."

"வரியாவது மண்ணாவது! டாக்டரம்மாவுக்குப் போன் பண்றேன்."

"படின்னு சொல்றேன்ல?"

அவள் புத்தகத்தைத் தரையிலிருந்து எடுத்து அந்த வரியைத் திரும்பப் படித்தாள்.

"ஒரு பக்கம் திரும்புறப்ப மட்டும்," என்றார் அவர். "நானும் கேட்டேன். படுக்கறதுக்கு முந்தின நாள். பாரத்தோட இடது பக்கம் திருப்புறப்ப மட்டும், கிரேன் கழுத்துல, கை திரும்புற அந்த இடத்துல, டிக்குனு ஒரு சத்தம். காலைல முதல் வேலையா மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கழுத்தைப் பிரிச்சுப் பாக்கணும்னு நெனச்சேன். காலைல எழுந்தா கண்ணுல திரை விழுந்து கிடக்கு. அந்தப் பயத்துல சத்தம் சுத்தமா மறந்து போச்சு." பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, கிரேன் சும்மாதான நிக்குது."

கிரேன்காரம்மா புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள். 

"என்ன, சத்தத்தையே காணோம்?"

"இன்னைக்கு ஓட்டுறாங்க."

"யாரு?"

அவள் அவருடைய கையைப் பார்த்தாள். பலகையின் ஓரத்தைப் பிடித்திருந்த அந்தக் கை எத்தனையோ வருடம் விசைகளைப் பிடித்துக் காய்த்துப் போன கை.

"நம்ம பையன்தாங்க."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். எனக்குத் தெரியாமல் என் சீட்டிலா என்று கேட்பார், அதற்கு என்ன சொல்வது என்றுகூட நேற்றே யோசித்து வைத்திருந்தாள். அவர் கத்தவில்லை. விரல் கணுக்கள் வெளுத்தன, அவ்வளவுதான்.

"எப்ப ஏறினான்?"

"காலையிலயே ஏறியிருப்பான்."

"போனைப் போடு."

மகனுடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. மேலே ஏறுகிறவர்கள் போனைக் கீழே அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்படியும் மூன்று தடவை போட்டாள். வேலை நடக்கும் இடத்து ஆபீசுக்குப் போட்டாள். அங்கேயும் எடுப்பாரில்லை. புது ஆள் ஓட்டுவதைப் பார்க்க எல்லோரும் வெளியே வந்து நின்றிருப்பார்கள்.

மருமகளின் கைபேசியும் வேலை நேரத்தில் பெட்டிக்குள் இருக்கும். ஒரே ஒரு வழிதான் இருந்தது. கரண்ட் போனால் கூப்பிடுகிற எண்.

"மின்தடை குறித்த புகாருக்கு ஒன்றை அழுத்தவும்," என்றது இயந்திரம்.

அவள் ஒன்றை அழுத்தினாள். இசை ஓடியது. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது. மறுபடியும் இசை. அந்த இசையைப் போட்டவனைப் பிடித்து நாலு அறை விடலாம் போல் இருந்தது அவளுக்கு.

"வணக்கம், உங்க இணைப்பு எண் சொல்லுங்க மேடம்," என்றது யாரோ ஒரு பெண் குரல்.

"அம்மாடி, கரண்ட்டெல்லாம் இருக்கு. எனக்கு என் மருமக வேணும். உங்க ஆபீஸ்ல தேன்குரல்னு கூப்பிடுவீங்களே, அவ. உடனே வேணும். உயிர் போற விஷயம்."

எதிர்முனை தயங்கியது. பிறகு நாற்காலி உருளும் சத்தம். "ஏய் தேன்குரல், உங்க அத்தைடி!"

மருமகள் வந்தாள். கிரேன்காரம்மா கொட்டித் தீர்த்தாள். எதை முதலில் சொன்னாள், எதைப் பின்னால் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. மருமகள் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் அதே தேன் குரலில், ஆனால் வேகமாகச் சொன்னாள். "அத்தை, அந்தக் கட்டடத்துக்கு நம்மகிட்டதான் கரண்ட். அங்க இருக்கற எலக்ட்ரீஷியன் நம்பர் பதிவுல இருக்கும். அவன் எப்பவும் கீழதான் நிப்பான். நான் பேசிட்டுக் கூப்பிடறேன். நீங்க போனை வெச்சுட்டு மாமா பக்கத்துல இருங்க. தலையைத் தூக்க விடாதீங்க."

வைத்துவிட்டாள்.

அந்தக் காத்திருப்பைக் கிரேன்காரம்மா சாகும்வரை மறக்கப் போவதில்லை. ஜன்னலுக்குப் போனாள். போன் கூப்பிடாமலே கூப்பிட்டது போல் இருந்தது, திரும்பி வந்தாள்.

"நீ இப்படி அலைஞ்சா எனக்குத் தலை தன்னால தூக்குது," என்றார் கிரேன்காரர். "உக்காரு. படி."

"உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? பிள்ளை மேல தொங்கிட்டு இருக்கான்!"

"படிக்கலன்னா நான் அதையேதான் நெனச்சுட்டு இருப்பேன். நீயும்தான்." குரல் உடைந்தது. "படிம்மா."

அவள் படித்தாள். எழுத்துக்கள் கண்ணீரில் மிதந்தன. துறைத்தலைவன் இறகியின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கும்போது மணிக்கூண்டு சாயத் தொடங்கியது. உள்ளே பாதி ஊர் இருந்தது. இறகி ஒரு கையால் சுவரைத் தொட்டாள். மறு கையோ அவன் பிடியில். எங்கே ஏற்றுவாள்?

"மோதிரம்," என்றார் கிரேன்காரர் தரையைப் பார்த்து. "அவன் மோதிரம் அவ கையில பட்டுட்டு இருக்கு."

அடுத்த வரியில் அதேதான் இருந்தது. கூண்டின் முழுப் பாரமும் ஒரு சின்ன மோதிரத்தில் இறங்கியது. துறைத்தலைவன் அலறிக்கொண்டு விரலை உருவிக்கொள்ள, மோதிரம் ஏழு தளத்தையும் துளைத்துக்கொண்டு கீழே போய்க் கடலடியில் நின்றது. கிரேன்காரம்மா தன்னை அறியாமல், "நல்லா வேணும்!" என்றாள்.

"அவசரப்படாத," என்றார் அவர். "பாரமே இல்லாத கூண்டு. உச்சியில அவ்வளவு காத்து. என்ன ஆகும்?"

அவள் பக்கத்தைப் புரட்டினாள். காற்று வந்தது. தக்கையாகிவிட்ட மணிக்கூண்டு, ஆட்களோடு, அடித்தளத்தை விட்டு மெல்ல எழும்பியது.

"சொன்னேன்ல!" அவர் காலை உதைத்தார். "தூக்கறவனுக்குப் பாரத்தைவிடக் காத்துதான் எமன். இந்தப் பொம்பளைக்கு அதுகூடத் தெரிஞ்சிருக்கு பாரேன்!"

இறகி தன் எலும்பில் இத்தனை நாள் சேர்ந்திருந்த கனத்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவருக்குள் இறக்கத் தொடங்கினாள். எவ்வளவு இறக்கினால் கூண்டு நிற்கும், எவ்வளவு கூடினால் மறுபடி உடையும்? ஒரு வரிக்கு ஒரு வரி கிரேன்காரர், "போதும்... இன்னும் கொஞ்சம்... போதும்..." என்று முணுமுணுத்தார். கிரேன்காரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தாள். சில நொடிகள், சில நொடிகள்தான், மகன் எங்கே இருக்கிறான் என்பது அவளுக்கு மறந்தே போயிற்று.

போன் அடித்தது.

"இறக்கிட்டாங்க அத்தை. கீழ நிக்கறாரு. பேசிட்டேன்."

அவள் ஸ்டூலிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஓட்டைக்குள்ளிருந்து கீழே பார்த்துக்கொண்டிருந்த அவர் பார்வைக்கு இப்போது அவள் முகம் தெரிந்தது. 

* * *

"டாக்டர்கிட்ட நான் தலை தூக்கினதைச் சொல்லாத," என்று டாக்ஸியில் வரும்போதே அவர் எச்சரித்திருந்தார். கிரேன்காரம்மா உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக அதைத்தான் சொன்னாள்.

டாக்டரம்மா சின்ன வயசு. திட்டவில்லை. "எவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, விளக்கை அணைத்து, கண்ணுக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சினாள். மேலே பாருங்கள், கீழே பாருங்கள், இடது, வலது. அந்த இருட்டில் கிரேன்காரம்மா தன் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"ஒட்டியிருக்கு," என்றாள் டாக்டரம்மா.

"அந்தக் கறுப்பு நூல்?"

"பழைய ரத்தம் கொஞ்சம் மிதக்குது. கரைஞ்சிடும். இன்னும் ஒரு வாரம் இதே மாதிரி கவுந்தே இருங்க. இனிமே உக்காந்துக்கலாம், ஆனா முகம் கீழதான்."

கிரேன்காரர் தொண்டையைச் செருமினார். "அப்புறம் கேபின்ல ஏறலாமா?"

"தூரத்தை அளக்க ரெண்டு கண்ணும் சேரணும். ஆறு மாசம் போகட்டும், பாப்போம். இப்போதைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர், "சரிங்க," என்றார். அந்தச் சரிங்க கிரேன்காரம்மாவின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது.

வெளியே வராந்தாவில் மகன் நின்றிருந்தான். தலையெல்லாம் சிமெண்ட் தூசு. முகம் கடுகடுவென்று இருந்தது. கண் ஒட்டிவிட்டது என்று கேட்டதும் அது கொஞ்சம் இளகியது, பிறகு மறுபடி இறுகியது.

"மைக்ல கூப்பிட்டாங்கம்மா. 'அம்மா போன் பண்றாங்க, கீழ வா'ன்னு. மொத்தப் பேரும் சிரிச்சாங்க. முதல் நாள் எனக்கு."

பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்த அவர், "இங்க வா," என்றார்.

அவன் போய் எதிரே நின்றான். அவருக்குத் தெரிந்தது அவன் பூட்ஸ் மட்டும்தான். ஒரு கணம் தயங்கிவிட்டு மகன் வராந்தாத் தரையில் உட்கார்ந்து, பின்பக்கமாகக் கை ஊன்றி, அவர் முகத்துக்கு நேர் கீழே முகத்தைக் கொண்டுவந்தான். போகிறவர்கள் வருகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மேலிருந்து அவர், கீழிருந்து அவன். இத்தனை வருடம் அவர்கள் பேசிக்கொண்டதே அப்படித்தான்.

"லைசென்ஸ் எப்ப எடுத்த?"

"போன வருஷம்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க மேல இருக்கும்போது எப்படிப்பா சொல்றது?"

"கீழ இருந்து நீ சொல்லி நான் எதைக் கேக்காம விட்டேன்?"

மகன் உதட்டைக் கடித்துக்கொண்டான். "மெக்கானிக் மேல ஏறிப் பாத்தான்," என்றான். "கழுத்துல ஒண்ணுமே இல்லையாம். உங்கப்பாவுக்குக் கண்ணு மட்டும்தான் போச்சுன்னு நெனச்சேன், காதுமான்னு கேட்டான்."

"பாரத்தோட திருப்பிப் பாத்தானா?"

"இல்ல. வெறும் கொக்கி."

"வெறும் கொக்கிக்கு அது பேசாதுடா."

"நாளைக்குக் காலைல கம்பிக் கட்டு ஏத்தணும்னு சொல்லிட்டாங்க. நான் ஏறலன்னா வேற ஆள் வரான். அந்த சீட்டு நம்மளை விட்டுப் போயிடும்ப்பா."

 மகன் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவன் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தான்.

"நீயே சொல்லும்மா. ஏறட்டுமா, வேண்டாமா?"

இந்த வீட்டில் கிரேனைப் பற்றி அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அவள் பதில் சொல்வதற்குள் போன் ஒலித்தது. மருமகள்.

"மாமா கண்ணு?"

"ஒட்டிடுச்சும்மா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "இறகி?" என்றாள்.

"கூண்டு பறக்குது," என்றாள் கிரேன்காரம்மா. "மிச்சத்தை நீ வந்து படிச்சுக்கோ."

டாக்ஸியின் பின்சீட்டில் அவர் தலையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். மகன் முன்னால் ஏறினான். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "வீட்டுக்குத்தானே?" என்று கேட்டார்.

"இல்லைங்க. பெரிய ரோட்ல புதுசாக் கட்டடம் கட்டுறாங்களே, அங்க விடுங்க."

மகன் திரும்பினான். "அம்மா! அப்பாவை இந்த நிலைமைலயா?"

"அவர் அங்க எதையும் பாக்க வேண்டாம். கேட்டாப் போதும். நீ மெக்கானிக்கை இருக்கச் சொல்லு. சின்னதா ஒரு பாரத்தை மாட்டி, ஏத்தச் சொன்னவங்களே ஒரு தடவை திருப்பிக் காட்டட்டும். அப்பா கேக்கட்டும். அதுக்கப்புறம் நீ ஏறு, இல்ல ஏறாத. அதுவரைக்கும் உன்னை அந்த ஏணியில கால் வைக்க விட மாட்டேன்."

மடியில் கிடந்த தலை அசைந்தது. "கீழ ஒருத்தரும் நிக்கக் கூடாதுன்னு சொல்லு," என்றது.

"சொல்லு," என்றாள் மகனிடம்.

வண்டி திரும்பியது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கடைகளுக்கும் மொட்டை மாடிகளுக்கும் மேலே, முதல் வளைவிலேயே கிரேனின் நீண்ட கை தெரிந்தது. கிரேன்காரம்மா அதைத் தினம் பார்த்திருக்கிறாள்; அவர் அங்கே இருக்கிறார் என்பதற்கு அதுதான் அவளுக்கு அடையாளம். இன்று பார்த்ததும் அவள் கை அவர் தலைமுடியில் அப்படியே நின்றுவிட்டது.

மெக்கானிக்கைக் கூப்பிட்ட மகன் இன்னும் போனைக் காதில் வைத்துக்கொண்டு அடிப்பதையே கேட்டுக்கொண்டிருந்தான். அவனும் அதைப் பார்த்துவிட்டான்.

கொக்கியில் ஒரு கம்பிக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. நாளைக்கு என்று சொன்னவர்கள் நாளை வரை காத்திருக்கவில்லை. கேபினில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கிரேன் மெல்ல, மிக மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

"ஏன் ரெண்டு பேரும் பேசாம வர்றீங்க?" என்று மடியிலிருந்து அவர் கேட்டார். "வந்துட்டோமா?"